ஆறாத முள் காயமும் ஒரு பாட்டில் சலைனும்: நீலகிரி மருத்துவத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்ட சுகாதார அலுவலர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தோட்ட மருத்துவமனைகளிலும் பணியாற்றும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

நான் கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவள். கோயம்புத்தூரில் ஓர் ஆய்வகத்தில் கல்ச்சர், அதாவது மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது மலைக்கே திரும்பி வந்திருக்கிறேன். உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கத்தான் இந்த மடல். முள்ளோ சிராயோ குத்திய இடம், இரண்டு மூன்று வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகும் ஆறாமல் கட்டியாகவோ புண்ணாகவோ நின்றால், அது பூஞ்சையாக இருக்கலாம் என்று நினைத்துப் பாருங்கள். நினைத்ததோடு விடாமல், அங்கிருந்து ஒரு சிறு துண்டு சதையை எடுத்துப் பூஞ்சைக் கல்ச்சருக்கு அனுப்புங்கள். அப்படி அனுப்புவதற்கு ஒரு வழியை மாவட்ட அளவில் போட்டுக் கொடுங்கள்.

பூஞ்சை என்றதும் 2021-இல் கொரோனாவோடு வந்த கருப்புப் பூஞ்சைதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. அது பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளையும் ஸ்டீராய்டு எடுத்தவர்களையும் தாக்கியது. அதனால், உடம்பு பலவீனமானவர்களுக்குத்தான் பூஞ்சை வரும் என்ற எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமல்ல, மருத்துவமனைகளிலும் ஊன்றிவிட்டது. நான் சொல்ல வந்த பூஞ்சைகள் வேறு. அவை மண்ணிலும், மக்கும் இலை தழையிலும், காய்ந்த மரத்திலும், முள்ளிலும் எப்போதும் இருப்பவை. முழுசாக இருக்கும் தோலைத் தாண்டி உள்ளே போகும் சக்தி அவற்றுக்குக் கிடையாது. ஒரு முள் குத்தினால் போதும், முள்ளோடு சேர்ந்து தோலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக வேலை செய்து, சர்க்கரையோ வேறு வியாதியோ இல்லாத ஆளுக்கும் வரும். சொல்லப்போனால் அப்படிப்பட்ட உழைப்பாளிகளுக்குத்தான் அதிகம் வருகிறது, மண்ணிலும் முள்ளிலும் கை வைப்பவர்கள் அவர்கள்தானே.

என் பெரியம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் தேயிலைச் செடிகளை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டிப்போட்ட குச்சிகளைப் பெண்கள் கட்டாகக் கட்டி விறகுக்கு எடுத்துப் போவார்கள். அப்படிக் கட்டும்போது பெரியம்மாவின் வலது புறங்கையில் ஒரு குச்சி குத்தியது. ஊக்கால் சிராயை எடுத்துவிட்டு, காப்பித்தூளை வைத்து அமுக்கிவிட்டு, அப்புறம் கொழுந்து பறிக்கப் போய்விட்டார். இரத்தம் நின்றுவிட்டது. சில வாரம் கழித்து அதே இடத்தில் ஒரு சின்னக் கட்டி வந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கட்டி உடைந்து புண்ணானது. அதற்கு மேலே மணிக்கட்டில் இன்னொன்று, முன்கையில் இன்னொன்று என்று முழங்கை வரைக்கும் வரிசையாக ஏறியது. தொட்டுப் பார்த்தால் தோலுக்கு அடியில் ஒரு கயிறு ஓடுவது கைக்குத் தெரியும்.

மருந்துக்கடைக் களிம்பு, ஆன்டிபயாடிக் ஊசி, மறுபடியும் வேறு ஆன்டிபயாடிக் என்று மாதங்கள் ஓடின. எங்கே போனாலும் முதல் கேள்வி, “சர்க்கரை இருக்கா?” இல்லை என்றதும் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஓரிடத்தில் தோலில் காசநோய் என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்தார்கள். அந்தச் சேதி தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பரவியதும், பெரியம்மாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பேரப் பிள்ளைகளை மடியில் வைக்க விடவில்லை. புண்ணை விட அதுதான் அவரை உருக்கியது. கடைசியில் கோவையில் ஒரு மருத்துவமனையில் இளம் தோல் மருத்துவர் ஒருவர், கட்டிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே முழங்கை வரை போய், “என்ன வேலை செய்றீங்கம்மா? இங்க எதாச்சும் குத்துச்சா?” என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. கல்ச்சரில் ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை வளர்ந்தது. இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்தில் கை முழுக்க ஆறிவிட்டது. இன்றைக்குத் தழும்பு மட்டும் இருக்கிறது.

அந்தப் பூஞ்சையால் வரும் ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற இந்த நோய் புதிதல்ல. 1898-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் பெஞ்சமின் ஷென்க் என்ற மருத்துவ மாணவர் முதலில் எழுதிவைத்தார். 1940-களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் முட்டுக்கொடுத்த மரங்களில் இந்தப் பூஞ்சை வளர்ந்து, ஏறக்குறைய 3,000 தொழிலாளர்களுக்குத் தொற்றியது. அவர்கள் நோயாளிகள் இல்லை, சுரங்கத்தில் இறங்கி வேலை பார்க்கும் திடகாத்திரமான ஆட்கள். மரத்துக்கு மருந்தடித்ததும் பரவல் அடங்கியது. நம் நாட்டில் இமாச்சலப் பிரதேசம் தொடங்கி வட வங்காளம், வடகிழக்கு வரை இமயமலையின் அடிவாரப் பகுதிகளில் இது நன்றாகவே பதிவாகியிருக்கிறது. குளிர்ச்சி, ஈரம், மக்கும் தழை, கையால் செய்யும் விவசாயம். அங்கே இருக்கிற இவற்றில் இங்கே இல்லாதது எது? “நம்ம பக்கம் அதெல்லாம் கிடையாது” என்று சிலர் சொல்கிறார்கள். கல்ச்சருக்கே அனுப்பாத இடத்தில் நோயின் கணக்கு எப்படி வரும்?

என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அடுத்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஆறாத புண்ணில் பயாப்ஸி எடுப்பது ஒன்றும் அபூர்வம் இல்லை. எடுத்த துண்டு எதில் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வழக்கமாக ஒரே பாட்டில், அதில் சதையைப் பதப்படுத்தும் ஃபார்மலின். ஃபார்மலினில் ஊறினால் உயிருள்ள கிருமி எல்லாம் செத்துப்போகும். அதற்குப் பிறகு அந்தத் துண்டை வைத்துக் கல்ச்சர் செய்ய முடியாது. நோய்க்குறியியல் பிரிவிலிருந்து “கிரானுலோமா (நாள்பட்ட அழற்சியில் செல்கள் திரண்ட முடிச்சு) தெரிகிறது, காசநோயா என்று பார்க்கவும்” என்று அறிக்கை வரும். அந்த அறிக்கை எழுதியவர் மேல் தப்பே இல்லை. ஸ்போரோத்ரிக்ஸ் சதைக்குள் மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். எத்தனை சீவல் போட்டுப் பார்த்தாலும் பல நேரம் கண்ணில் படாது. இந்த நோய்க்குக் கல்ச்சர்தான் நம்பகமான சோதனை.

ஆகவே துண்டை இரண்டாக்குங்கள். ஒன்று ஃபார்மலினில் போகட்டும். இன்னொன்றைக் கிருமிநீக்கிய பாட்டிலில், அது மூழ்கும் அளவு சலைன் விட்டுப் போடுங்கள். அந்தக் கொஞ்சம் சலைனுக்கு ஆகும் செலவு என்ன என்பது உங்களுக்குத் தெரியும். ஐஸில் உறைய வைக்க வேண்டாம், அன்றைக்கே ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் நல்லது. சீட்டில் “பூஞ்சைக் கல்ச்சர்” என்று தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால் ஆய்வகத்தில் அதைச் சாதாரண பாக்டீரியாத் தட்டில் போட்டு, இரண்டு நாளில் ஒன்றும் வளரவில்லை என்று அறிக்கை கொடுத்துத் தட்டைக் கழித்துவிடுவோம். பூஞ்சைக்கு சபூரோ ஊடகம் வேண்டும், 25 டிகிரி வெப்பம் வேண்டும், நான்கு வாரம் வரை பொறுமை வேண்டும். ஸ்போரோத்ரிக்ஸ் பெரும்பாலும் ஒரு வாரத்திலேயே தலைகாட்டிவிடும். முதலில் வெள்ளையாக, ஈரப்பசையோடு, சுருக்கம் விழுந்து வளரும். நாளாக நாளாகப் பழுப்பாகிக் கறுக்கும். அதில் துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், மெல்லிய காம்பின் நுனியில் பூவிதழ் விரித்ததுபோல் விதைத்துகள்கள் சுற்றி நிற்கும். அதைப் பார்த்த பிறகு சந்தேகம் பெருமளவு தீர்ந்துவிடும். அதையே 37 டிகிரியில் வளர்த்தால் உருவம் மாறி ஈஸ்ட்டாகிவிடும். உடம்புக்குள் அது இருப்பதும் அந்த உருவத்தில்தான்.

ஊட்டியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவக் கல்லூரி என்றால் அங்கே நுண்ணுயிரியல் துறை உண்டு. சளி மாதிரிகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து காசநோய்ப் பரிசோதனைக்கு எடுத்துப் போக ஏற்பாடு ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. அதே கையில், அதே பெட்டியில், இந்த சலைன் பாட்டிலும் போகக் கூடாதா? தனியாக வண்டி வேண்டாம், தனியாக ஆள் வேண்டாம். மாவட்ட அளவில் ஒரு சுற்றறிக்கையும், மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தோடு ஒரு ஒப்புதலும் போதும். கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆட்கள் ஊட்டிக்கு ஏறி வருவதை விட்டுவிட்டு கேரளத்தில் சுல்தான் பத்தேரிக்கோ கோழிக்கோட்டுக்கோ போகிறார்கள். நோயாளி அலைவதற்குப் பதில் பாட்டில் பயணம் செய்யட்டும்.

காசநோயைப் பற்றிப் பேசும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தோலில் காசநோய் நிஜமாகவே வருகிறது, அதைத் தேடுவது சரிதான். ஆனால் கிருமியைக் காட்டாமல், “போட்டுப் பார்ப்போம்” என்று மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுப்பதற்கு முன்னால், அதே துண்டிலிருந்து பூஞ்சைக்கும் ஒரு பங்கு போகட்டும் என்கிறேன். அந்த மாத்திரைகள் ஈரலுக்குச் சுமை. ஊர் வாய்க்குக் கிடைக்கும் அவல் வேறு. ஸ்போரோட்ரிகோசிஸ் வந்த மனிதரிடமிருந்து பக்கத்தில் இருப்பவருக்கு அது பரவுவதில்லை. இதை நோயாளியிடம் மட்டுமல்ல, கூட வந்தவர்களிடமும் சேர்த்துச் சொல்லுங்கள். என் பெரியம்மாவுக்கு அந்த ஒரு வாக்கியத்தை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டே மருந்து சாப்பிட்டிருப்பார்.

கட்டி வரிசையாக ஏறுவது ஒரு வகை. வேறொன்று காலில் வரும், வருடக்கணக்கில் வளரும். மரு மருவாகத் தடித்து, மேலே கறுப்புப் புள்ளிகள் தெரியும். குரோமோபிளாஸ்டோமைகோசிஸ் என்பது அதன் பெயர். பல நேரம் மரு என்றோ ஆணி என்றோ நினைத்து வெட்டிவிடுகிறார்கள், திரும்பவும் வந்துவிடுகிறது. நாளாகிவிட்ட புண்ணில் புற்றுநோய் வரும் ஆபத்தும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க முதல் படியாகக் கல்ச்சர் கூட வேண்டாம். அந்தக் கறுப்புப் புள்ளியைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பாருங்கள். தடித்த சுவரோடு, நடுவில் குறுக்குக் கோடு ஓடிய பழுப்பு உருண்டைகள் தெரிந்தால் அதுதான். மலேரியாவுக்கும் சளிக்கும் மைக்ராஸ்கோப் பார்க்கும் எந்த ஆய்வக நுட்பநராலும் இதைச் செய்ய முடியும்.

பாதம் வீங்கி, அங்கங்கே துளை விழுந்து, சீழோடு குருணை குருணையாக வெளியே வருவது மைசெட்டோமா. 1842-இல் மதுரையில் ஜான் கில் என்ற மருத்துவர் பதிவு செய்ததால் உலக மருத்துவ நூல்களில் இன்றும் அது ‘மதுராக் கால்’. பூஞ்சையால் வருவது என்று 1860-இல் பம்பாயில் வான்டைக் கார்ட்டர் விளக்கினார். பாக்டீரியா வகையும் உண்டு, மருந்து வேறு, அதனால் குருணையைச் சோதிக்காமல் மருந்து ஆரம்பிக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் மைசெட்டோமாவையும், அடுத்த வருடம் குரோமோபிளாஸ்டோமைகோசிஸோடு மற்ற ஆழ்பூஞ்சை நோய்களையும் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நம் ஊரின் பெயரால் உலகம் அறிந்த ஒரு நோயை நம் ஊர்ச் சுகாதார நிலையத்தில் அடையாளம் காண முடியாமல் இருப்பது சரியில்லை.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று யாராவது கேட்டால், நம் கண் மருத்துவர்களைப் பார்க்கச் சொல்வேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கருவிழிப் புண்களை முறையாகக் கல்ச்சர் செய்து 1990-களில் வெளியிட்ட ஆய்வில், கிருமி வளர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பூஞ்சை. வயலில் நெல் தாள் பட்டது, ஓலை கீறியது, மண் தெறித்தது என்று வந்த விவசாயிகளின் கண் அது. “கண்ணில் என்ன பட்டது?” என்று கேட்பதும், சுரண்டி எடுத்துப் பார்ப்பதும் இன்று தமிழ்நாட்டுக் கண் மருத்துவத்தில் பழக்கமாகிவிட்டது. கண்ணுக்குக் கேட்கும் அந்தக் கேள்வியைக் கைக்கும் காலுக்கும் கேட்கலாம். புறநோயாளிச் சீட்டில் “என்ன வேலை, என்ன குத்தியது” என்று ஒரு வரி சேர்த்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது மருந்து. ஸ்போரோட்ரிகோசிஸுக்கு இட்ராகோனசோல்தான் முதல் மருந்து. கட்டிகள் மறைந்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் தொடர வேண்டும், மொத்தம் மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். குரோமோபிளாஸ்டோமைகோசிஸுக்கு இன்னும் நீளும், உறையவைத்துக் கரைக்கும் சிகிச்சையும் சேர வேண்டியிருக்கும். படர்தாமரைக்குக் கொடுக்கிற வழக்கத்தில் வாரம் ஒரு ஃப்ளுகோனசோல் மாத்திரை கொடுத்து அனுப்புவதால் இந்த நோய் தீராது. தினக்கூலிக்குப் போகும் பெண் மாதக்கணக்கில் இட்ராகோனசோலைக் கடையில் வாங்க முடியாது. பாதி ஆறியதும் நிறுத்திவிடுவார், நோய் திரும்பும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் 2021-லிருந்து நம்மிடம் இருக்கிறது. கல்ச்சரில் உறுதியான நோயாளிக்கு இந்த மாத்திரையும் அந்தப் பையில் வரட்டும்.

கூடவே சொல்ல வேண்டியதையும் சொல்லிக் கொடுங்கள்: கேப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும், வயிற்றெரிச்சல் மாத்திரை சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது, கர்ப்பிணிகளும் இதயம் பலவீனமானவர்களும் எடுக்கக் கூடாது, இடையில் ஈரல் பரிசோதனை வேண்டும். இட்ராகோனசோல் கிடைக்காத இடத்தில் பொட்டாசியம் அயோடைடு கரைசல் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாகப் பயன்படுகிற மலிவான மருந்து, அந்தச் சுரங்கத் தொழிலாளர்களைக் குணப்படுத்தியதும் அதுதான். வாயில் உலோகச் சுவை தட்டும், குமட்டும். தைராய்டைப் பார்த்துக்கொண்டு கொடுக்க வேண்டும்.

ஆறாத புண்ணில் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவுவதை நிறுத்தச் சொல்லுங்கள். சிவப்பு குறையும், அரிப்பு குறையும், அடியில் பூஞ்சை தழைக்கும்.

இவை எல்லாம் மெதுவாக வளரும் நோய்கள். அவசரமான ஒன்றும் உண்டு. மண் அப்பிய காயத்தைச் சுற்றித் தோல் ஓரிரு நாளில் கறுத்து, அழுகல் வேகமாகப் பரவினால், ஆரோக்கியமானவர்களையும் தாக்கும் மியூகர் வகைப் பூஞ்சையாக இருக்கலாம். அதில் அபோஃபைசோமைசிஸ் என்ற இனம் வட இந்தியாவில் ஒரு மாந்தோப்பு மண்ணிலிருந்துதான் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. அப்படிப்பட்டவரைக் கல்ச்சர் முடிவுக்குக் காத்திருக்க வைக்காமல், அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்துக்கு அன்றைக்கே அனுப்புங்கள்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. கவ்வாத்து நேரத்திலாவது எல்லோருக்கும் கையுறை கொடுங்கள், கத்தி பிடிக்கும் ஆண்களுக்கு மட்டும் கொடுத்தால் போதாது. குச்சி பொறுக்குவதும், உண்ணிச்செடி பிடுங்குவதும் பெண்கள்தான். காரட், பூண்டு, உருளைக்கிழங்குத் தோட்டங்களில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு கம்பூட்ஸ் வேண்டும். டிஸ்பென்சரியில் டெட்டனஸ் ஊசி போடுகிறீர்கள், நல்லது, ஆனால் அது பூஞ்சையைத் தடுக்காது. குத்திய உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுவதும், சிராயை மிச்சமில்லாமல் எடுப்பதும்தான் தடுக்கும். காப்பித்தூள், தேயிலைத்தூள், மண் எதுவும் புண்ணில் வைக்கக் கூடாது.

இதை மக்களிடம் சொல்ல வேண்டிய இடம் சுகாதார நிலையத்துச் சுவர் இல்லை, கொழுந்து எடை போடும் கொட்டகை. சிறு விவசாயியும் கூலிக்காரரும் நாள் தவறாமல் நிற்கும் இடம் அது. அங்கே ஒரு தாள் ஒட்டுங்கள். ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்து லைன் வீடுகளில் இருப்பவர்களுக்காக இந்தியிலும் ஒட்டுங்கள். எழுத்தைக் குறைத்து, கையில் வரிசையாக ஏறிய கட்டிகளின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். பார்த்தவர்கள் தாமாகவே கேட்டு வருவார்கள்.

முதல் வேலையாக எதைச் செய்யலாம் என்று கேட்டால், மாவட்டத்தின் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் சலைன் பாட்டில், ஃபார்மலின் பாட்டில், “பூஞ்சைக் கல்ச்சர்” என்று அச்சடித்த சீட்டு மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள் என்பேன். ஒரு நிலையத்துக்கு ஐந்து உறை இருந்தால் தொடங்கிவிடலாம். மாதிரியை எப்படி எடுப்பது, எப்படி அடைப்பது என்று செவிலியர்களுக்கும் ஆய்வக நுட்பநர்களுக்கும் ஒரு பகல் பயிற்சி தேவைப்பட்டால், நான் சம்பளம் இல்லாமல் வந்து சொல்லித்தரத் தயார். கோத்தகிரி வட்டாரத்திலிருந்து ஆரம்பிக்கலாம், வரும் கவ்வாத்துப் பருவத்துக்குள் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்து ஆய்வக ஊழியர் ஒருவர்